உழவாரனும் தகைவிலானும் பங்காளிகள் அல்ல

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதம் உத்திரமேரூர்க் கோவில் கோபுரத்தில் ஏறி, பதினோரு குருவிகளிடம் ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறவனுக்கு இதைவிடக் கௌரவமான வேலையை யாரும் தருவதில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என் பள்ளித் தோழன் வரதன். ஏணி நடுங்கியது. காரணம் காற்று இல்லை, சிட்டம்மாள்.

வரதனுக்குச் சிட்டம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளுக்கும் அதே எண்ணம், கொஞ்சம் கூடுதலாகவே. இரண்டு வீட்டு நிலமும் பக்கத்துப் பக்கத்தில். ஒரே ஓர் இடைஞ்சல்: இரண்டு வீட்டுக்கும் குலதெய்வம் ஏரிக்கரைப் பொன்னியம்மன். குலதெய்வம் ஒன்று என்றால் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் என்றால் தங்கச்சி. தங்கச்சிக்குத் தாலி கட்ட எந்த ஊரிலும் மேளக்காரன் வரமாட்டான்.

"டேய், உன் குருவி சயின்ச வெச்சி எதுனா பண்றா. வெள்ளிக்கெயம வாலாஜாபாத்துலேர்ந்து அவளப் பொண்ணு பாக்க வர்றாங்க," என்றான் வரதன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோவில் வாசலில், நாட்டாண்மைக்காரர் முத்துகிருஷ்ணன் முன்னால் பேச எழுந்தேன். ஒரு பக்கம் சிட்டம்மாளின் அப்பா வேதகிரி, இன்னொரு பக்கம் வரதனின் அப்பா கன்னியப்பன்.

"மேல பாருங்க. ஒரே கோபுரம். ஒரே மாதிரி அரிவாள் ரெக்கை. ரெண்டும் பறந்துக்கினே பூச்சி புடிக்குது. நமக்கு ரெண்டும் ஒரே குருவி. ஆனா ஒண்ணு தகைவிலான், ஒண்ணு உழவாரன். ரத்தத்தப் பாத்தா தகைவிலான் மைனா, காக்கா வகையறா. உழவாரனுக்குச் சொந்தக்காரன் அமெரிக்காவுல கீறான். ரீங்காரச்சிட்டுன்னு பேரு, பூவுக்கு முன்னால அந்தரத்துல நின்னுக்கினே தேன் குடிப்பான். ஒரே கோபுரத்துல குடியிருந்தா பங்காளி ஆயிடுமா? ஒரே அம்மனுக்குப் பொங்க வெச்சா மட்டும் ஆயிடுமா?"

ஊரே அண்ணாந்து பார்த்தது. குருவிகளும் ஒத்துழைத்து வட்டமடித்தன.

"ரத்தத்துல இன்னா எயுதியா வெச்சிக்கீது?" என்றார் வேதகிரி.

"எழுதித்தான் கீது மாமா. டி.என்.ஏ.ன்னு ரெண்டு புரிக் கயிறு. சூடு பண்ணா புரி பிரியும். இந்தக் குருவி புரியையும் அந்தக் குருவி புரியையும் கலந்து ஆறவிட்டா ஒண்ணோட ஒண்ணு சுத்திக்கும். திரும்பவும் சூடு பண்ணணும். தூரத்துச் சொந்தம்னா லேசான சூட்டுலயே பிரிஞ்சிடும். கிட்டத்துச் சொந்தம்னா லேசுல பிரியாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாட்டாண்மைக்காரர் தாடையைச் சொறிந்தார். "வேதகிரியும் கன்னியப்பனும் நாப்பது வருசமா ஒரே கெணத்துல தண்ணி எறைக்கிறானுங்க. ஒரு சண்ட கெடையாது. எந்தச் சூட்டுக்கும் பிரியல. அப்போ தம்பி சொல்றபடி பாத்தா இவனுங்க சுத்தமான பங்காளிங்க."

கூட்டம் விஞ்ஞானத்தைப் பாராட்டித் தலையாட்டியது. வரதன் ஏணியைத் தேடுவதுபோல் என்னைப் பார்த்தான்.

"இன்னும் சூடே பண்ணலியே! ரெண்டு பேரும் சண்ட போடுங்க, பாக்கலாம்," என்றேன்.

கன்னியப்பன் தொண்டையைக் கனைத்தார். "அண்ணே, உன் மாடு என் வரப்புல மேஞ்சிது."

"மேயட்டுமேடா. அது உன் மாடு இல்லியா?"

"ஆமாண்ணே."

இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சிட்டம்மாள் எழுந்தாள். "நைனா, ஒரே ஒரு டவுட்டு. பேச்சுக்குத்தான் கேக்கறேன். இந்தக் கல்யாணம் நடந்தா யார் வூட்ல நடக்கும்?"

"இதுல இன்னா டவுட்டு? நம்ம வூட்லதான்."

"அதெப்டிண்ணே?" என்றார் கன்னியப்பன். "மாப்ள வூட்லதானே வயக்கம்?"

"எவன் சொன்னான்? என் பொண்ணு என் வாசல்லதான் மணையில குந்துவா."

"உன் வாசல்ல பத்து பேரு குந்த எடம் கீதா?"

"என் வாசல இன்னாடா சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன்யா!"

அண்ணே என்பது அந்த நிமிஷத்தில் ஊரைவிட்டுப் போயிற்று. துண்டுகள் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கின. கிணற்றில் விழுந்த வாளி, திரும்பி வராத மண்வெட்டி, எழுபத்தாறில் யாரோ குறைவாகப் போட்ட கறி, எல்லாம் வெளியே வந்தன. நாற்பது வருஷச் சரக்கு.

"பொன்னியம்மன் மேல சத்தியமா சொல்றேன்," என்று கத்தினார் வேதகிரி. "இவன் எனக்குப் பங்காளியே இல்ல!"

"நானும் சத்தியம் பண்றேன்யா! நீ யாரோ, நான் யாரோ!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பொன்னியம்மன் மேல் செய்த சத்தியத்தை எங்கள் பக்கத்தில் யாரும் திரும்ப வாங்கியதில்லை. அதுவும் இரண்டு தரப்பும், நாட்டாண்மைக்காரர் முன்னால்.

"ரெண்டு பேருமே சொல்லிட்டீங்க," என்றார் நாட்டாண்மைக்காரர், கொஞ்சம் பயந்துபோய். "பங்காளி இல்ல."

"அப்போ வாலாஜாபாத்துக்காரங்கள வர வாணாம்னு சொல்லி அனுப்பிடட்டா நைனா?" என்றாள் சிட்டம்மாள்.

"அனுப்பு! இந்தப் பையனுக்கே கட்டிக் குடுக்கறேன். ஆனா கல்யாணம் என் வூட்லதான்!"

"என் வூட்லதான்யா!"

வரதன் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையாட்டினான்.