தண்ணி தெளிச்சு விட்டது

எங்கள் வீட்டு மணி பிளாண்ட் ஃப்ரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பி, ஜன்னல் திரைக் கம்பியைப் பிடித்து, கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டு டிவிக்கு மேலே வந்து தொங்கும். கல்யாணமாகி வரும்போது அண்ணி ஒரு பாட்டிலில் சின்னத் துண்டாகக் கொண்டுவந்தது. இப்போது வீட்டில் எங்களைவிட அதற்குத்தான் இடம் அதிகம். அண்ணனுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். தொங்குகிற எதுவும் ஒழுங்காகத் தொங்க வேண்டும் என்பது அவன் கட்சி. ஒருநாள் அவன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது கொடியின் நுனி செய்தி வாசிப்பவரின் மூக்கில் ஆடியது. எழுந்துபோய்க் கத்தரிக்கோலால் வெட்டினான். அண்ணி பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் சத்தம் போட்டால் பயமில்லை. சும்மா இருந்தால்தான் பயம். அவள் நர்ஸ். சில நாளில் ஏதோ பயிற்சி என்று வேறு ஊருக்குக் கிளம்பினாள், திரும்ப மாதக்கணக்காகும் என்றாள். போய்ச் சேர்ந்ததை எனக்குத்தான் போன் செய்து சொன்னாள், அண்ணனுக்கு இல்லை.

நாத்தனார் என்றால் கலகமூட்டுகிறவள் என்று உலகம் முடிவுகட்டி வைத்திருக்கிறது. கலகமூட்டவும் ஒரு சுறுசுறுப்பு வேண்டும், எனக்கு அது கிடையாது. காது பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் காதில் ஹெட்போனை மாட்டி, கேட்கிறதா, கேட்கிறதா என்று கேட்டுவிட்டு வருகிறவள் நான். அன்று அண்ணி போனில் செடியைப் பற்றி மட்டும்தான் பேசினாள். இலையில் தூசி படியும், துடைத்துத் தண்ணி தெளிச்சு விட்டுடு என்றாள். சரி என்று வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வழியில் அண்ணன், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே கேட்டான்.

"அண்ணி என்ன சொன்னா?"

"தண்ணி தெளிச்சு விட்டுடச் சொன்னாங்க."

சொன்னதைச் சொன்னேன். ஓர் எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. உருப்படாதவனைக் கைகழுவும்போது சொல்கிற வார்த்தையும் அதுதான் என்பது, சோப்பு போட்டுக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து அண்ணன் சாப்பாட்டைக் கொறித்தான், அண்ணிக்குப் போனும் செய்யவில்லை. பல்வலி என்று நினைத்தேன். பிறகு ஒருநாள், ஸ்பேனரைத் துடைத்தபடியே, அண்ணி அதைக் கோபமாகச் சொன்னாளா என்று விசாரித்தான். இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள் என்றேன். அவன் முகம் செத்துவிட்டது. கோபத்தில் சொன்னால் கோபம் ஆறும்போது அதுவும் ஆறும். நிதானமாகச் சொன்னதற்கு ஏது மருந்து?

அண்ணி சொன்ன சொல் தவறாமல் நான் தெளித்தேன். இலையில் மட்டும். தொட்டியில் ஊற்றும்படி யாரும் சொல்லவில்லையே. இலைகள் தூசியில்லாமல், சுத்தமாக மஞ்சளாயின. அண்ணன் வந்து மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"இதையும் விட்டாச்சா?"

அந்த 'உம்' எங்கிருந்து வருகிறது என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அதன்பின் செடி அவன் பொறுப்பு. லிப்ட் வயருக்கு அடிக்கிற கிளிப்புகளைச் சுவரில் வரிசையாக அடித்து, கொடியின் கனம் ஒரே இடத்தில் விழாதபடி மாட்டினான். மஞ்சள் இலைகளைக் கிள்ளினான். தண்ணீர் ஊற்றிவிட்டு, அடியில் வடிகிறதா என்று குனிந்து பார்த்தான். செடி தளிர்த்தது, அவன் இளைத்தான். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பல் டாக்டரிடம் போ என்று சொன்னால் முறைத்தான்.

அண்ணி திரும்பி வந்த அன்று, அவள் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கேட்டுவிட்டான்.

"என்னைத் தண்ணி தெளிச்சு விட்டுட்டியாமே."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். விஷயம் விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அது செடிக்குச் சொன்னது."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் சொல்லல. விடறதா இருந்தா உங்க தங்கச்சிகிட்டயா சொல்லி அனுப்புவேன்? மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன்."

அண்ணனுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. ஆனால் கை ஏற்கெனவே கருவிப் பைக்குள் போயிருந்தது. அவள் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று நினைத்திருக்கிறான். அவளுடையதைக் கையோடு கொடுத்தனுப்ப, லிப்ட் மோட்டார் அறை ஜன்னலில் இத்தனை நாள் வைத்திருந்ததை எடுத்து வந்திருந்தான். பாட்டிலில் தண்ணீர், தண்ணீரில் மணி பிளாண்ட் துண்டு.

"அன்னிக்கு வெட்டினதா இது?"

"ம்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"வேர் விட்டதும் சொல்லலாம்னு இருந்தேன்."

பாட்டில் கொள்ளாமல் வேர் சுருண்டு கிடந்தது. விட்டு எத்தனையோ நாளாகியிருக்கும். அண்ணி அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன.

பிறகு பாட்டிலைக் கொண்டுபோய் டிவிக்கு மேலிருக்கும் பலகையில் வைத்தாள். நுனி இறங்கி, சரியாகச் செய்தி வாசிப்பவரின் மூக்குக்கு வந்து நின்றது. அண்ணன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான்.