எதிரொலிப் பெட்டிக்கு ஒரு தலையணை

எந்த வேலையையும் சுலபமாகச் செய்துவிடக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டே பிறந்தவன் அவன். கண்ணாடிக் குழல்கள் எரியும், ஊரே மறந்துபோன வால்வு ஆம்ப் என்ற ஒலிபெருக்கியில்தான் கிட்டார் வாசிப்பேன் என்று அடம்பிடித்ததில், பெற்றவர்கள் வைத்த பெயர் போய் ‘வால்வு’ என்றே நிலைத்துவிட்டது. பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பான். மாலையில் மச்சினனின் மெத்தைக் கடைக் கிடங்கில் ஒத்திகை. குழுவுக்குத் தலைவன் அந்த மச்சினன்தான். டிரம்ஸ் அடிப்பதும் அவனே.

அந்தக் கிடங்கில்தான் வினை ஆரம்பித்தது.

“மாமா, உங்க கிட்டார் ரொம்ப வறட்டுன்னு கேக்குது. கொஞ்சம் எதிரொலி வேணும்,” என்றான் மச்சினன். “அடுத்த மாசம் ஓட்டல்ல நம்மள வாசிக்கச் சொல்லிப் பாக்கப் போறாங்க. புடிச்சுட்டா சனிக்கெழமதோறும் நாமதான். கையில எதிரொலிப் பெடலோட இன்னொரு கிட்டார்காரன் காத்துகிட்டு இருக்கான். மாமாவாச்சேன்னு பொறுத்துப் போறேன்.”

சுற்றிலும் கூரை வரைக்கும் பஞ்சு மெத்தை. அதற்குள் யானை பிளிறினாலும் பூனை தும்மியது போலத்தான் கேட்கும். இது அந்த இரண்டு மேதாவிகளுக்கும் தோன்றவில்லை.

காலால் மிதித்தால் எதிரொலி தரும் உள்ளங்கை அளவு பெடல் ஒன்றை வாங்கிக் காலடியில் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். வால்வு கேட்பானா? “அதுக்குள்ள இருக்கறது வெறும் கம்ப்யூட்டர் சில்லு மாப்ள. அது எதிரொலி இல்ல, பொய்! ஸ்பிரிங்ல வரணும், வால்வுல வரணும்!” என்று குதித்தான். ஆகவே எதிரொலிக்கென்றே தனியாக ஓர் ஆம்ப் கட்டுவது என்று முடிவாயிற்று. கிட்டாரின் ஒலியை வாங்கி, தகரப் பெட்டிக்குள் இழுத்துக் கட்டிய ஸ்பிரிங்குகளை ஒரு முனையில் ஆட்டிவிட வேண்டும். மறுமுனைக்குத் தாமதமாக வந்து சேரும் நடுக்கத்தைப் பிடித்துப் பழைய ஆம்ப்புக்கு அனுப்ப வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இவன் ஊரையே சுற்றித் தொட்டான்.

கட்டுமானம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. இரும்புக் குண்டாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வந்து இறங்கிய அன்று மேசையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. மனைவி விடுவிடுவென்று உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் திணித்தாள்.

“இது எதுக்கு?”

“எங்கப்பா வாங்கிக் குடுத்த மேசைங்க. உங்க பெட்டி எக்கேடோ கெட்டுப் போகட்டும், என் மேசைல இன்னொரு கோடு விழக் கூடாது.”

ஸ்பிரிங் பெட்டி லேசாக அதிர்ந்தாலும் இடி இடிக்கும். கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள தலைவலி அது. வேலை முடிந்ததும் வால்வு மேசையை ஓங்கிக் குத்திப் பார்த்தான். ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

“பாத்தியா? வேற எவனாவது கட்டியிருந்தா இந்நேரம் வீடு இடிஞ்சிருக்கும். என் கை அப்படி!”

தலையணையை அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

ஓட்டலுக்குக் கிளம்பும்போது மனைவி கேட்டாள். “தலகாணிய விட்டுட்டுப் போறீங்க?”

“மேடையில தலகாணியா? நான் வாசிக்கப் போறேனா, தூங்கப் போறேனா?”

ஓட்டல் கூடம் முழுக்கப் பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர். கரண்டி கீழே விழுந்தால் அதன் சத்தம் நாலு சுவரையும் விசாரித்துவிட்டுத்தான் அடங்கும். பலகை அடித்த மேடை. பெட்டியை அதன்மேல் வைத்து, சிவப்பு விளக்கை எரியவிட்டு, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றான் வால்வு. எதிரே மேலாளர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

மச்சினன் காலால் அடிக்கும் பெரிய டிரம்மில் முதல் மிதி மிதித்தான். பலகை அதிர்ந்தது. பெட்டிக்குள் இடி விழுந்தது. அடுத்த மிதிக்கு அடுத்த இடி. மேலாளர் எழுந்து கூரையைப் பார்த்தார்.

“மாமா! மானத்த வாங்காதீங்க!” என்று பல்லைக் கடித்தான் மச்சினன்.

வால்வு பெட்டியின் மேல் பாய்ந்தான். போச்சு, எல்லாம் போச்சு, நாளைக்கே அந்தப் பெடல்காரன் இங்கே வந்து நிற்பான். கிட்டார் ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிப் பழைய ஆம்ப்பில் நேராகச் செருகினான். பெட்டியிலிருந்து ஆம்ப்புக்குப் போன ஒயரையும் கழற்றிப் போட்டான். விளக்கை அணைக்கத் தோன்றவில்லை.

வாசிப்பு முடிந்ததும் மேலாளர் மேடைக்கே ஏறி வந்துவிட்டார். “அருமை சார்! அந்த எதிரொலி இருக்கே, அது எப்படி சார்?”

வறட்டுக் கிட்டாருக்குப் பளிங்குக் கூடம் போட்ட பிச்சை அது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத நம்ம ஆள் என்ன செய்தான்? விளக்கு எரியும் பெட்டியை வாஞ்சையோடு தட்டிக் கொடுத்தான்.

“நானே கட்டினது சார்.”

சனிக்கிழமை நிச்சயமாயிற்று. பெட்டியும் வந்தாக வேண்டும் என்பதும் நிச்சயமாயிற்று. முதல் சனிக்கிழமை அந்தப் பாரத்தை மூச்சு வாங்க மேடையேற்றி, விளக்கை மட்டும் எரியவிட்டான். வேடிக்கை பார்க்க வந்த மனைவி பெட்டியின் முன்னும் பின்னும் எட்டிப் பார்த்தாள். பையிலிருந்து தலையணையை எடுத்தாள்.

“வெளக்கு எரியுது, ஒயரக் காணோம். கண்ணத் தொறந்துகிட்டே தூங்குது, பாவம். தலகாணியாவது இருக்கட்டும்.”

திணித்தே விட்டாள். அப்போதுதான் வால்வின் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. மேசையைக் குத்தியபோது காப்பாற்றியது கையா, இந்தப் பஞ்சா? பரபரவென்று ஒயர்களைச் செருகினான். மச்சினன் மிதித்தான். இடி இல்லை! கம்பியைச் சுண்டினான். இத்தனை நாள் கனவில் கேட்ட ஒலி, நனைந்து, ததும்பி, கூடமெங்கும் பரவியது. வால்வுக்குக் கண் கலங்கியது. தன் ஜென்மம் கடைத்தேறியதென்றே நினைத்தான்.

இரண்டாவது பாட்டுக்குள் மேலாளர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

“என்ன சார் ஆச்சு இன்னைக்கு? கெணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி கொழகொழன்னு இருக்கு! அன்னைக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சு. அதே மாதிரி வைங்க சார், இல்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும்.”

மச்சினன் முறைத்தான். மனைவி கூரையைப் பார்த்தாள். வால்வு குனிந்து, தன் கையாலேயே ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆம்ப்பில் நேராகச் செருகி ஒரு சுண்டு சுண்டினான்.

“இப்ப எப்படி சார்?”

“இது! இதத்தான் கேட்டேன். என்ன இருந்தாலும் நீங்க கட்டின பெட்டியாச்சே!” மேலாளர் முகம் மலர்ந்தது. “ஒரு சனிக்கெழமகூட இத மறந்துட்டு வந்துடாதீங்க சார்.”