ஒரே கோடு உள்ள புள்ளிகள்

"உனக்கு எத்தனை பேரைடி தெரியும்?" என்று அக்கா கேட்டாள்.

பள்ளியை விட்ட பிறகு என் போனில் மிஞ்சியது அவள் எண் மட்டும்தான். அதைச் சொன்னேன். சிரித்தாள். "எல்லாரும் உன்னை மாதிரி இருந்தா எனக்குப் பொழைப்பு சுலபம்."

எனக்குப் புரியவில்லை. அவள் வேலையே குழப்பமானது. ஒவ்வொரு போன் எண்ணும் ஒரு புள்ளி. பேசிக்கொண்ட இருவருக்கு நடுவே ஒரு கோடு. இதில் ஏமாற்றுக்காரர்களின் எண்களை கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு புள்ளியைப் பற்றி அது அக்கம்பக்கத்தில் விசாரிக்குமாம். அவர்கள் தங்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களாம். இரண்டு மூன்று சுற்றுக்குள் ஊரே திரண்டுவிடும். மெமரி நிரம்பி எல்லாம் நின்றுபோகும். "ஒருத்தரைக் கூப்பிட்டா குடும்பத்தோட வந்து உக்காந்துக்குது" என்று புலம்புவாள்.

எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் பொறுக்கிக் கேட்க வைத்தாள். கூட்டத்தைச் சிறு சிறு துண்டாக்கினாள். அப்படியும் நின்றது. இருக்கிற மெஷினிலேயே அன்று மாலைக்குள் ஓடாவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

என் பதிலைக் கேட்டுச் சிரித்தவள் சட்டென்று திரையின் பக்கம் திரும்பினாள். ஒரே ஒருத்தரைத் தெரிந்தவளைப் பற்றி யாரிடம் போய் விசாரிப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரே கோடு உள்ள புள்ளிகளை எல்லாம் நீக்கினாள். பாதிக்கு மேல் போய்விட்டன. ஓடியது. என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாலை மேலதிகாரி திரையில் வந்தார். மெமரி குறைந்ததைப் பாராட்டினார். பிறகு தன் அம்மாவை ஏமாற்றிய எண்ணைச் சொல்லி, அது பிடிபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அக்கா தேடினாள். அந்த எண்ணே உள்ளே இல்லை.

"ஒரு சிம் வாங்குவான், ஒரே ஒருத்தர்கிட்ட பேசுவான், தூக்கிப் போட்டுடுவான். அவனைத்தானேம்மா தேடச் சொன்னேன்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. நாளை முதல் வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கறுத்த திரையில் எங்கள் இரண்டு முகமும் தெரிந்தன. அவளுக்கு என்மேல் கோபமா, தன்மேலா? நான் சொன்னது உண்மைதானே? எதைக் கேட்பதென்று தெரியாமல், தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்ததையே கேட்டுவிட்டேன்.

"அப்ப என் நம்பர் மாதிரி இருக்கறதையும் எடுத்துட்டியாக்கா?"

அக்கா லேப்டாப்பை மூடினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவைக்கூடச் சாத்தாமல் படியிறங்கிப் போனாள்.