மருதமுத்துவின் இடது பக்கம்

ஆட்டம் முடிய மூன்று நிமிடம். பதினொன்றுக்குப் பதினொன்று. சமமாக முடிந்தால், கோப்பை போன வருஷம் ஜெயித்த சிரம்பான்காரர்களோடு லாரி ஏறிவிடும். என் கல்யாணமும் அதோடு ஏறிவிடும்.

1957 ஏப்ரல். எங்கள் ஊர் காஜா பெராங் திடலைச் சுற்றி ஐயாயிரம் பேர். எண்பது பேர்தான் என்று சொல்பவர்களும் உண்டு, பொறாமைக்காரர்கள்.

ஆட்டம், அயர்லாந்துக்காரர் பிரதர் டோலன் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த கெய்லிக் காற்பந்து. பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கோல் கம்பங்கள் மேகத்தைக் குத்தும் உயரம். இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். விளையாட வராது, அதனால் எண்ணினேன். மூன்று மாதப் பயிற்சியிலும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, யார் எங்கிருந்து உதைத்தார் என்று திடலின் படத்தில் புள்ளி வைத்தேன். தேறிய உதைக்கு நீலம், தவறியதற்குச் சிவப்பு. நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். படத்துக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

எங்கள் நட்சத்திரம் மருதமுத்து உதைத்தால், பந்து சுமாத்ராவில் குளித்துவிட்டுத்தான் திரும்பும். அவன் இடது பக்கத்திலிருந்து முப்பத்தொன்று உதைத்திருந்தான், தேறியது நாலு. பூப்போல உதைக்கும் தம்பிராஜாவுக்கு அதே இடத்தில் இருபதுக்குப் பதினாலு. படத்தைப் பார்த்த பிரதர் டோலன், "இனி இடது பக்கம் தம்பிராஜா, வலது பக்கம் மருதமுத்து" என்று முடித்துவிட்டார்.

மருதமுத்து, நான் பெண் கேட்டிருந்த கமலவேணியின் அண்ணன்.

"டேய் ராஜரத்தினம்," என்று அன்று சாயங்காலமே என் சைக்கிளை மறித்தான். "பென்சில் பிடிக்கிற நீ எனக்குக் கால் சொல்லித் தர்றியா? சரிலா. கோப்பை வந்தா வெத்தலை பாக்கு மாத்தலாம். வரலேன்னா, உன் பெல் சத்தம் எங்க சந்துல கேக்கக் கூடாது."

முதல் பாதியில் தம்பிராஜா இடது பக்கத்திலிருந்து மூன்று உதைத்தான், மூன்றும் தேறின. நான் தரையில் உட்கார்ந்திருந்ததாக ஞாபகமே இல்லை. இரண்டாம் பாதியில் அதே இடது பக்கத்திலிருந்து மூன்று. மூன்றும் கம்பத்துக்கு முன்னாலேயே சோர்ந்து விழுந்தன. பையன் பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

விசில். எங்களுக்கு ஃப்ரீ கிக். இடது பக்கம், முப்பது கஜம். தம்பிராஜா வெளிறிப்போய்ப் பந்தை நோக்கி நடந்தான்.

அப்போதுதான் கடற்காற்று என் மடியிலிருந்த படத்தைப் பிடுங்கியது. துரத்திக்கொண்டு ஓடினேன். அது எதிர்ப்பக்க அங்சானா மரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது, தலைகீழாக.

பிய்த்தெடுத்து, தலைகீழாகவே பிடித்துத் திடலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

மூன்று மாதமும் நாங்கள் உதைத்தது ஒரே கோலுக்கு. மற்றக் கோலுக்குப் பின்னால் லோங்காங். அந்தச் சாக்கடையில் பந்து விழுந்தால் எடுக்க ஒருவனும் இறங்க மாட்டான். பயிற்சிக் கோலுக்கு இடது பக்கம் என்றால் கடல் பக்கம். இடைவேளைக்குப் பிறகு முனை மாறி, இப்போது லோங்காங் கோலுக்கு உதைக்கிறோம். இங்கே இடது பக்கம், மரப் பக்கம், கடற்காற்றுக்கு எதிர்ப்பக்கம்! காற்று பின்னாலிருந்து தள்ளினால் மருதமுத்துவின் பேய் உதை கம்பத்துக்கு வெளியே ஓடும். தம்பிராஜாவின் பூ உதை போய்ச் சேரும். காற்று எதிர்த்து வந்தால் எல்லாம் நேர்மாறு. எந்த வரைபடத்திலும் முதலில் போடுவது வடக்குக் குறி. நான் அதைப் போடவில்லை.

"பிரதர்! மருதமுத்து உதைக்கட்டும்!" திடலுக்குள்ளேயே ஓடினேன். நடுவர் என் சட்டையைப் பிடித்தார். பிரதர் டோலன் என் முகத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், பிறகு தம்பிராஜாவை விலகச் சொல்லிக் கையசைத்தார்.

மருதமுத்து அசையவில்லை. "காலை வரைக்கும் எனக்கு இடது பக்கமே ஆகாது. இப்ப ஆயிடுச்சா?"

"படம் சரிதான், மருதமுத்து. பிடிச்சவன்தான் தலைகீழாப் பிடிச்சிட்டான்."

"போகலேன்னா?"

"பெல்லை நானே கழட்டிடறேன்."

அவன் பந்தை வைத்தான். நாலடி பின்னால் போனான். ஐயாயிரம் பேரும் மூச்சை நிறுத்தினார்கள். நான் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தேன்.

உதை விழுந்த சத்தத்தில் மரத்துக் காக்கைகள் கிளம்பின. பந்து கம்பத்துக்கு வெளியே ஓடுகிற வேகத்தில்தான் புறப்பட்டது. காற்று எதிரே வந்து அதை நெஞ்சோடு தடுத்தது. ஒரு வாரம் அது வானத்திலேயே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, குறுக்குக் கட்டைக்கு ஒரு சாண் மேலே நுழைந்து, லோங்காங்கில் தொப்பென்று விழுந்தது.

உஜோங் பாசிர் கடல் மீன்களுக்குக்கூடக் கேட்டிருக்கும் அந்தக் கூச்சல். மிச்ச நேரம் ஆடப் பந்து வேண்டுமே! சாக்கடையில் இறங்கியவன் நான்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கமலவேணி வீட்டில் தட்டு வைத்தார்கள். வெற்றிலைக்கும் பாக்குக்கும் மேலே என் படம் கிடந்தது. மருதமுத்து ஒரு பென்சிலை என் பக்கம் நீட்டினான்.

"முதல்ல வடக்கு எங்கேன்னு போடுங்க, மாப்ளே. அப்புறம் தட்டை மாத்துவோம்."