காவலாளியின் வயது

முப்பத்தெட்டாவது அத்தியாயத்தின் இரண்டாம் பக்கத்தில் அவள் வாசிப்பதை நிறுத்தினாள். 'அன்று காவலாளிக்கு இருபத்தாறு வயது நிறைந்தது' என்று எழுதியிருந்தது. நான்காம் அத்தியாயத்திலிருந்து அவனை அவள் கிழவனாகப் பேசவைத்திருந்தாள்.

அவள் உட்கார்ந்திருந்தது படுக்கையறையின் துணி அலமாரிக்குள். நாவல்களை வாசித்து ஆடியோ புத்தகமாகப் பதிவு செய்வது அவள் தொழில். மூன்று பக்கமும் போர்வை அடித்து, தலையில் கணவனின் பழைய கோட்டு உரச, முழங்கால் மைக்கில் இடிக்காமல் மடங்கி உட்காரப் பழகியிருந்தாள். முடிவு தெரிந்தால் குரலும் தெரிந்தமாதிரிப் பேசிவிடும் என்று எந்தப் புத்தகத்தையும் ஓர் அத்தியாயத்துக்கு மேல் முன்கூட்டிப் படிக்கமாட்டாள். பத்து வருடமாகப் பெருமையடித்துக்கொண்ட வழக்கம். அதுவே இப்போது காலை வாரிவிட்டது.

ஆடியோ புத்தகத்தை வெளியிடும் நிறுவனத்துக்காரரைப் போனில் அழைத்தாள்.

"யாரு மேடம் உக்காந்து வயசு பாக்கப்போறாங்க? அந்த ஒரு வரிய முழுங்கிடுங்க."

"எழுதினவரு முழுங்கலையே."

"அப்ப அவன் பேசற எடத்த மட்டும் வெட்டி ஒட்டுங்க. வெள்ளிக்கிழமைக்கு மேல ஒரு நாள் கெடையாது."

ஒட்டலாம். ஆனால் எதிரே கிழவன் இருக்கிறான் என்று நினைத்து மற்றவர்களையும் சற்று உரக்க, சற்று நிறுத்திப் பேசவைத்திருந்தாள். அவன் வரும் பதினோரு அத்தியாயங்களையும் முதலிலிருந்து வாசிக்கவேண்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். போன் பேச்சைக் கேட்டு வேலை முடிந்துவிட்டதாக வீட்டிலிருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். சத்தம் பதிவில் விழும் என்று இரண்டு மாதமாகப் பகலில் ஓடாத மின்விசிறி கூடத்தில் சுழன்றுகொண்டிருந்தது. நேர்கீழே மாமனார் உட்கார்ந்து, அடக்கிவைத்த இருமலையெல்லாம் இருமித் தீர்த்துக்கொண்டிருந்தார். பதிவு நடக்கும்போது துண்டை வாயில் அழுத்திக்கொள்வார்.

நாற்காலியில் குவிந்திருந்த சட்டைகளைக் கணவன் மடித்துக்கொண்டிருந்தான். "இனிமே அலமாரில சட்டையும் வீட்டுல பொண்டாட்டியும் இருக்குமா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் கையிலிருந்த சட்டையைப் பாதியில் விட்டான்.

"அவங்களே போதும்னுட்டாங்க. உனக்கு மட்டும் என்ன?"

"தப்புன்னு எனக்குத் தெரியுதே."

"அப்பா மூச்சு முட்டி உக்காந்திருக்காரு. அது தெரியலையா?"

தெரியும்.

மாமனார் வாயைத் துடைத்துக்கொண்டார். "எந்தக் காவலாளிம்மா? அந்தக் கெழவனா? அது என் கொரல்தானே?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னும் தொண்டையைச் செருமி நிற்பதுவரை அவரிடமிருந்துதான் எடுத்திருந்தாள். சொன்னதில்லை. துண்டும் கையுமாக அவர் முழுக்கதையையும் வெளியிலிருந்து கேட்டுவந்திருக்கிறார்.

"உங்களோடதுதான், மாமா."

"கேக்காம எடுத்தே. இப்ப கேக்காமயே தூக்கற." அவர் சிரிக்கப் பார்த்தார். அது இருமலில் போய் முடிந்தது. "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இருபத்தாறு வயசுக்காரன் இப்படியா இழுத்து இழுத்துப் பேசுவான்? போ."

கணவன் சட்டைகளைத் திரும்ப நாற்காலியில் போட்டான்.

அவள் உள்ளே போய் முழங்காலை மடக்கிக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தினாள். நான்காம் அத்தியாயத்தைப் பிரித்தாள். வெளியே சுவிட்ச் அணையும் சத்தம். விசிறி தளர்ந்து தளர்ந்து நின்றது. ஹெட்போனில் வீடு முழுக்க அடங்கியது. அதற்கு அடியில், துண்டுக்குள் அமுங்கிய ஒரு மூச்சு மேலேறி, மேலேயே நின்றுகொண்டிருந்தது. அது இறங்கட்டும் என்று, பொத்தானில் விரலை வைத்தபடி அவள் காத்திருந்தாள். அவள் தொடங்கட்டும் என்று அவரும் காத்திருந்தார்.