முக்கோணப் பொத்தான்

ஷெர்லின் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து ஸ்கேனரின் வயரைச் சொருகும்போது, வீட்டுக்குள் இரண்டாவது பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து சபையே வந்திருந்தது. பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள், அப்பனைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு காருக்குள் குனிந்து இவள் என்ன செய்கிறாள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

அவளுடைய அப்பா ஏசுவடியான் நேற்றுக் காலையில் இந்த வண்டிக்குள்தான் இறந்துபோனார். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரத்தில் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி, சீட்டைச் சாய்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. “தூங்குன வாக்குலயே கர்த்தர் எடுத்துக்கிட்டாரு” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. கேட்டவர்களும், எழுபத்தொரு வயதில் படுக்கையில் கிடக்காமல் இப்படிப் போகக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

ஷெர்லினால் மட்டும் அதற்குத் தலையாட்ட முடியவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது வண்டியின் நான்கு மூலை விளக்குகளும் மினுக்கிக்கொண்டிருந்தன. டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் சிவப்பு முக்கோணப் பொத்தானை ஒரு விரல் அழுத்தினால்தான் அந்த விளக்குகள் எரியும். தூங்குகிற மனுஷன் எதற்காக அதை அழுத்தப் போகிறார்?

இதற்கு அவளிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, வண்டியை நிறுத்தும்போதே அப்பா அதைப் போட்டுவிட்டு அணைக்க மறந்திருக்கலாம். சீசன் நேரத்தில் குற்றாலத்துச் சாலையோரம் ஒதுங்குகிற வண்டிகளில் பாதி மினுக்கிக்கொண்டுதான் நிற்கும். இரண்டாவது, ஏதோ பழுதில் வண்டி தானாகவே போட்டிருக்கலாம். பழுது இருந்தால் ஸ்கேனர் காட்டிவிடும், அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறாள்.

தென்காசியில் கார் எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப்பில் அவளுக்குப் பதினோரு வருஷம். இஞ்சின் பக்கம் அவள் போவதில்லை. அவள் பிழைப்பு முழுக்க டேஷ்போர்டுக்குப் பின்னால் டிபன் பாக்ஸ் அளவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டியோடுதான். கதவுப் பூட்டு, கண்ணாடி, வைப்பர், விளக்கு, ஹாரன், திருட்டு அலாரம் எல்லாம் அதன் பொறுப்பு. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் சேதி முதலில் அங்கேதான் போகும். பெட்டி பார்த்து உத்தரவு போட்டால்தான் விளக்கு எரியும், பூட்டு திறக்கும். வண்டி வாங்கிய புதிதில் இதை அப்பாவுக்கு விளக்கிச் சொன்னாள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் நாற்பது வருஷம் காய்கறி வியாபாரம் பார்த்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப வண்டிக்கு நான் முதலாளி இல்ல. உள்ள ஒரு மேனேஜர் உக்காந்துருக்கான், அவன்ட்ட கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் நடக்கு” என்றார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு மேனேஜர் என்றே பெயர். பெல்ட் போடாமல் ஓட்டினால் மணி அடிக்கும்போதெல்லாம், “கத்துதான் பாரு உன் மேனேஜரு” என்பார்.

அந்த மேனேஜருக்குத் தண்ணீர் ஆகாது. சீசன் வந்தால் போதும், அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு, தலை எண்ணெய் சொட்டச் சொட்ட வண்டியில் ஏறுகிற கூட்டத்தால் வாரத்துக்கு இரண்டு வண்டி அவளிடம் வரும். தரைவிரிப்பு ஊறி, வயர் முனைகள் பச்சை பூத்துப்போய், வைப்பர் தானாக ஓடும், கண்ணாடி தானாக இறங்கும், விளக்கு தானாக மினுக்கும். “துண்ட விரிச்சாச்சும் உக்காரக் கூடாதா?” என்று அவர்களைத் திட்டியபடியே சரிசெய்து கொடுப்பாள். இன்று அந்தச் சீக்கு அப்பாவின் வண்டிக்கும் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இப்படி ஒரு ஜெபத்தை எந்தச் சபை ஐயரும் சொல்லித் தந்ததில்லை.

“ஏட்டி, என்ன பண்ணுத இங்கன? அம்மா தேடுதா.” அண்ணன் ஜோஷ்வா குனிந்து கேட்டான். சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்த கண்கள் சிவந்திருந்தன.

“வந்துட்டேன். ரெண்டு நிமிஷம்.”

“இன்னைக்கும் வண்டியா?” என்றான். கோபம் இல்லை. புரியாமல்தான் கேட்டான். அவளுக்கு அண்ணனிடம் சொல்லவேண்டும்போல இருந்தது. சொன்னால் அவன் அடுத்து என்ன கேட்பான் என்றும் தெரிந்தது. போன் வந்தப்ப நீ என்ன சொன்ன, என்று கேட்பான்.

போன் வந்தபோது மணி ஒன்பது பத்து. கண்ணாடியில் அவள்தான் தன் நம்பரை எழுதி ஒட்டியிருந்தாள். அப்பா எங்கேயாவது குறுக்கே நிறுத்திவிட்டுப் போவார், நாலு பேர் திட்டுவார்கள் என்று.

“இந்த வண்டில இந்த நம்பர் இருந்துச்சு. ஐந்தருவிலருந்து பேசுதேன், பழக்கடை நெல்லையப்பன். உள்ள ஒரு பெரியவர் படுத்துருக்காவ. தட்டுனேன், முழிக்க மாட்டேங்காவ.”

ஷெர்லின் சிரித்தாள். இதுதான் அவளுக்கு ஆறவே இல்லை, அவள் சிரித்தாள். “எங்கப்பாதான் அண்ணாச்சி. அருவில குளிச்சுட்டா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாவ.”

“இல்லம்மா, லைட்டெல்லாம் மினுக்குது.”

“நிப்பாட்டும்போது போட்டுட்டு மறந்துருப்பாவ.”

அந்தப் பக்கம் அவர் கைப்பிடிகளை இழுத்துப் பார்ப்பது கேட்டது. அருவிக்குப் போகிற கூட்டத்தின் சத்தமும் கேட்டது. “கதவு நாலும் பூட்டிக் கெடக்கு. கண்ணாடிய ஒடச்சுரட்டா?”

“ஐயையோ, ஒடச்சுராதீய! எங்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. இந்தா வாறேன்.”

சாவியை எடுத்தபோது ஏதோ உறுத்தியது. ஸ்கூட்டரை எடுத்த பிறகு பயம் வந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்த சனிக்கிழமை. பெரிய அருவிக்கு முன்னால் சுற்றுலா பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அவள் போய்ச் சேர முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. ஆஸ்பத்திரியில், உயிர் எப்போது போயிருக்கும் என்று டாக்டரிடம் மூன்று தடவை கேட்டாள். “துல்லியமா சொல்ல முடியாதும்மா” என்றார் மூன்று தடவையும்.

கதவு பூட்டிக் கிடந்ததும் அவள் வேலைதான். ஓடத் தொடங்கியதும் தானாகப் பூட்டிக்கொண்டு, இஞ்சினை அணைத்தால் நான்கு கதவின் பூட்டும் தானாகத் திறந்துகொள்ளும்படிதான் அந்த வண்டி வந்தது. போன வருஷம் ஐந்தருவியில் ஒரு குரங்கு பின்கதவைத் திறந்து அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. பைக்குள் ஒரு சீப்பு மட்டிப்பழமும், குளிப்பதற்காகக் கழற்றி வைத்த அப்பாவின் பல்செட்டும். குரங்கு பழத்தைத் தின்றது. பல்செட்டை எங்கே போட்டதோ, கிடைக்கவேயில்லை. “உன் மேனேஜர் ஒரு கொரங்குக்குக் கதவத் தொறந்து உட்டுருக்கான் பாத்தியா” என்று அப்பா பொக்கை வாயோடு கேட்டதில் ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. அன்றைக்கே அவள் லேப்டாப்பை மாட்டி, இஞ்சின் அணைந்தாலும் பூட்டு திறக்கக் கூடாது என்று மாற்றி வைத்தாள். இனிமேல் உள்ளே இருக்கிறவர் கைப்பிடியை இழுத்தால்தான் திறக்கும். அதற்குக் கையில் கொஞ்சம் பலம் வேண்டும் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்கேனர் ‘டிக்’ என்றது. அவள் திரையைப் பார்த்தாள். கதவு, சரி. கண்ணாடி, சரி. விளக்கு, சரி. பழுது ஏதும் பதிவாகவில்லை. நம்பிக்கை இல்லாமல் கீழே கைவிட்டு விரிப்பைத் தடவினாள். காய்ந்திருந்தது. அப்பா எப்போதும் தலை துவட்டி, வேட்டி மாற்றி, துண்டை விரித்துத்தான் உட்காருவார். ஊரில் அவள் சொன்னதைக் கேட்ட ஒரே மனுஷன்.

வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். இன்னும் ஒரு பதில் மிச்சம் இருந்தது. நிறுத்தும்போது போட்டு மறந்திருப்பார். அப்படித்தான் இருக்கும்.

அவள் வண்டியை விட்டு இறங்கும்போது தெருமுனையில் டிவிஎஸ் 50 ஒன்றை நிறுத்திவிட்டு ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு மாலை. நேற்று கூட்டத்தில் அப்பாவைத் தூக்க ஒரு கை கொடுத்தவர். குரலைக் கேட்டதும்தான் முழுதாகப் புரிந்தது.

“நெல்லையப்பன்மா. பழக்கடை.”

“வாங்க அண்ணாச்சி.”

அவர் உள்ளே போகவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். “நேத்து ராத்திரி பூரா தூக்கம் இல்ல. உங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அவிய வண்டிய நிப்பாட்டும்போது நீங்க பாத்தீயளா?” என்று அவள் முந்திக்கொண்டாள். “லைட்டு அப்பவே எரிஞ்சுதுல்லா?”

அவர் யோசிக்கவே இல்லை. “இல்லம்மா. நிப்பாட்டிப் படுத்து ஒரு மணி நேரம் இருக்கும். அதுவரைக்கும் லைட்டு எரியல. ஒம்பது மணிக்கு மேல மங்குஸ்தான் பெட்டி ஒண்ணு பிரிச்சுக்கிட்டு இருக்கேன், திடீர்னு மினுக்க ஆரம்பிச்சுது. தூங்குத ஆளு எப்படி லைட்டு போடுவாருன்னுதான் எந்திச்சுப் போனேன். கிட்டப் போயிப் பாத்தா கண்ணு மூடிருக்கு. கை மட்டும் இங்கன...” என்று தன் கையை முன்னால் நீட்டி, விரல்களைத் தொங்கவிட்டுக் காட்டினார். “உடனே உங்களுக்குப் போட்டேன்.”

ஷெர்லின் வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

“கல்லக் கையில எடுத்துட்டேன்மா. அப்புறம் கீழ போட்டுட்டேன். அடுத்தவன் வண்டி, புதுக் கண்ணாடின்னு நெனச்சுட்டேன். நான் ஒடச்சிருக்கணும்லா? சொல்லுங்க. ஒடச்சிருந்தா...”

இந்த மனுஷனிடம் ‘இல்லை, முன்னாடியே போயிருப்பாவ’ என்று ஒரு பொய் சொல்லலாம். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

“நீங்க கேட்டீய அண்ணாச்சி,” என்றாள். “நான்தான் வேண்டாம்னேன். ஒங்க மேல ஒண்ணும் இல்ல.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தன் தலையிலிருந்து இறங்கிய பாரம் எங்கே போய் உட்கார்ந்தது என்று தெரிந்துவிட்டவராக, உடனே பதறி, “அப்படிச் சொல்லாதீய தாயி, நீங்க அங்கனயா இருந்தீய?” என்றார். இரண்டு பேருக்கும் அடுத்தவரைத் தேற்ற ஆசைதான். தேற்றுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

“எங்கம்மாட்ட மட்டும் இதச் சொல்லிராதீய.”

அவர் தலையாட்டுவதற்குள் அம்மாவே வாசலுக்கு வந்துவிட்டாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். நெல்லையப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீங்கதான் போன் பண்ணுனீயளாம்லா. மகராசன் நல்லா இருக்கணும். கடைசியா பாத்தது நீங்கதான். தூங்குன வாக்குலதான போனாவ? மொகத்துல நோவு ஏதும் தெரிஞ்சுதா?”

நெல்லையப்பன் ஷெர்லினைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. நல்ல தூக்கம்.”

அம்மா அழுதாள், அவளுக்கு இப்போது வேண்டியிருந்த அழுகை அதுதான். ஷெர்லின் ஸ்கேனரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

நான்கு மணிக்கு ஐயர் ஜெபித்து முடிக்க, பெட்டியைச் சபையின் வேனில் ஏற்றினார்கள். பின்னால் அப்பாவின் வண்டி. ஜோஷ்வா ஓட்டினான். அம்மா பின்சீட்டில். ஷெர்லின் முன்னால். இன்னும் கொஞ்சம் சாய்ந்தே கிடந்த ஓட்டுநர் சீட்டை ஜோஷ்வா நிமிர்த்தினான். பெல்ட் போடாததற்கு மணி அடித்தது, போட்டுக்கொண்டான். வேன் நகர்ந்ததும் டேஷ்போர்டின் நடுவில் கையை நீட்டி அந்த முக்கோணப் பொத்தானை அமுக்கினான். அவள் தடுக்க வாயெடுத்து, என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

டிக் டிக் என்று வண்டிக்குள் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நான்கு விளக்குகள் மினுக்க வருகிற வண்டிக்குச் சாலையில் எல்லோரும் வழிவிட்டார்கள். ஒரு பால் வேன் ஓரம் கட்டியது. எதிரே வந்த செங்கோட்டை பஸ் நின்றது. டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்தது. ஷெர்லின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கல்லறைத் தோட்டம் வரும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வாசலில் இறங்கினார்கள். ஜோஷ்வா பெட்டியைத் தூக்க ஓடினான். ஓடுகிற அவசரத்தில் சாவிப் பொத்தானை அமுக்கி வண்டியைப் பூட்டினான். விளக்கை அணைக்க மறந்துபோனான். ஷெர்லின் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஈரமண்ணில் பத்தடி நடந்தவள், திரும்பிப் பார்த்தாள்.

கூட்டம் முழுக்க உள்ளே போய்விட்டிருந்தது. கடைசி ஆளாக நெல்லையப்பன் மட்டும் டிவிஎஸ்ஸைச் சுவரோரம் நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார். மினுக்குகிற வண்டியைப் பார்த்ததும் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பக்கத்தில் போய், இரண்டு கைகளாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தார்.