தட்டிப் பார்த்த பாலம்

காங்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது என் பிழைப்பு. உடைக்கக் கூடாது, தட்டிவிட்டுக் காது கொடுக்க வேண்டும். கணீரென்றால் நல்ல கட்டு. டொக்கென்றால் உள்ளே கம்பி துருப்பிடித்து, மேலே போட்ட சிமெண்டு ஒட்டு கழன்று நிற்கிறது என்று அர்த்தம். இந்தப் பிழைப்புக்கு வந்து வாய்த்த நான் முக்கால் செவிடன்.

அணைக்கட்டு வேலையில் பாறைக்கு வைத்த வெடி என் இடது காதை முழுசாகவும் வலது காதைப் பாதியும் தின்றுவிட்டது. நான் வேலை பார்க்கும் தென்காசி ஆபீஸில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தெரிந்தால் ஓவர்சீயர் பால்வண்ணநாதனாகிய நான் மறுநாளே வீட்டில் உட்கார வேண்டியதுதான். தெரிந்தவள் என் மனைவி சொக்கம்மாள் ஒருத்திதான்.

செவிட்டை மறைக்க ஒரு வழி வைத்திருந்தேன், வெட்கங்கெட்ட வழி. தட்டுவது கொத்தனார் சங்கரபாண்டி. நான் காது கொடுப்பதுபோல் குனிந்து நின்று அவன் முகத்தைப் பார்ப்பேன். டொக்கென்றால் அவனுக்குப் புருவம் சுருங்கும். உடனே அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுவிடுவேன். ஓவர்சீயர் சொல்லுமுன் கொத்தனார் வாய் திறப்பது எங்களிடம் மரியாதை இல்லை. அந்த மரியாதைதான் மூன்று வருஷம் எனக்குச் சோறு போட்டது. அண்ணாச்சிக்குப் பாம்புச்செவி என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அறுபத்துமூன்று ஆடியில் குற்றாலத்து நடைபாலத்தைப் பார்க்க உத்தரவு வந்தது. அருவிக்குச் சற்றுக் கீழே, ஆற்றின் குறுக்கே இருந்த பழைய பாலம். இரண்டு வருஷம் முன்பு அதற்கு ஒட்டுப் போட்டவனும் சங்கரபாண்டிதான்.

நல்ல சாரல். அருவி நிறைந்து கொட்டியது. எனக்கு அது நாலு தெரு தள்ளி ஓடும் மாவு மிஷின். சங்கரபாண்டி கீழே இறங்கி உத்திரத்தை அடி அடியாகத் தட்டினான். நானும் பக்கத்தில் குனிந்து நின்று அவன் முகத்தையே பார்த்தேன். ஓரிடத்தில்கூடப் புருவம் சுருங்கவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். 'குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் விழுந்தது. நாலு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி பேச்சித்தாய், சங்கரபாண்டியின் பெண்டாட்டி.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து, பாலம் விழுந்த விசாரணைக்கு முந்தின நாள், இலத்தூரில் அவன் வீட்டுக்குப் போனேன். என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அருவிச் சத்தத்துல எனக்கு ஒரு தட்டுகூடக் கேக்கல. நீங்க காது வச்சுக் கேட்டுட்டு இருந்திய, அதான் நான் வாயத் தொறக்கல. உங்களுக்குக் கேட்டுதுல்லா?"

அருவிக்கு அவ்வளவு சத்தம் உண்டு என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். இரண்டு செவிடர்கள் ஒரு பாலத்தைத் தட்டியிருக்கிறோம். உண்மை தொண்டை வரை வந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். அவன் முகத்துக்கு அதைவிடப் பயந்தேன்.

"கேட்டுதுடே," என்றேன். "எல்லாம் கணீர்னுதான் இருந்துது."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அப்ப என் ஒட்டுல குத்தமில்ல. என் கையால அவ சாகல. இது போதும் அண்ணாச்சி. நாளைக்கு விசாரணையில உங்க காதுக்கு நான் சாட்சி சொல்லுதேன்."